பழைய பாணி டன்ஜன் ஆட்டத்துக்கு ரெட்ரோ குளோன் எடுத்து ஓட்டுவது எப்படி

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடையும் கதையும் கலந்த மேசை ஆட்டத்தின் பழைய புத்தகங்களே பிடிஎஃப்பாகக் கிடைக்கும்போது, அதே விதிகளை வேறு வாசகத்தில் எழுதிய குளோன் எதற்கு?

நியாயமான கேள்விதான். குளோன்கள் பிறந்தபோது நிலைமை வேறு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட மூலப் பதிப்பு, எழுபதுகளின் கடைசியில் வந்த அட்வான்ஸ்டு பதிப்பு, 1981-இன் பேசிக், எக்ஸ்பர்ட் தொகுப்புகள் எதுவுமே அச்சில் இல்லை. 2000-இல் மூன்றாம் பதிப்போடு ஓப்பன் கேம் லைசென்ஸ் என்ற உரிமம் வந்தது. அடிப்படைச் சொற்களையும் விதிமுறைகளையும் மற்றவர்கள் எடுத்தாள அது வழி விட்டது. அந்த வழியில் புகுந்து ஸ்டூவர்ட் மார்ஷலும் மாட் ஃபின்ச்சும் 2006-இல் ஆஸ்ரிக் என்ற குளோனைக் கொண்டுவந்தார்கள். அட்வான்ஸ்டு முதல் பதிப்புக்குப் புதிய சாகசங்கள் எழுதி வெளியிட நினைத்தவர்களுக்குச் சட்டப்படி ஒரு பிடிமானம் வேண்டும், அதுதான் அதன் நோக்கம். அப்புறம் வரிசையாக பேசிக் ஃபேன்டஸி, லாபிரிந்த் லார்ட், ஸ்வோர்ட்ஸ் அண்ட் விசார்ட்ரி. 2009-இல் பழைய பதிப்புகளின் பிடிஎஃப் விற்பனையும் நின்று, 2013-இல்தான் திரும்ப வந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஆட்டத்துக்குப் புது ஆட்கள் வந்துகொண்டிருந்ததற்குக் குளோன்கள் ஒரு பெரிய காரணம்.

இன்றைக்கும் நான் குளோனைத்தான் எடுக்கிறேன். மேசையைச் சுற்றி உட்காரும் அத்தனை பேர் கையிலும் ஒரே விதிநூல் இருக்க வேண்டும். அதுவும் செலவில்லாமல், திருட்டுப் பிரதியாக இல்லாமல். பேசிக் ஃபேன்டஸி முழுவதுமே இலவச பிடிஎஃப், அச்சுப் பிரதியையும் கிட்டத்தட்ட அடக்க விலைக்கே தருகிறார்கள். ஆஸ்ரிக் பிடிஎஃப்பும் இலவசம். ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸுக்கு இலவச அடிப்படைத் தொகுப்பு ஒன்று உண்டு. விதி டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) தலைக்குள் மட்டும் இருக்கும் மேசையில் வாக்குவாதம் ஓயாது. எல்லோரிடமும் புத்தகம் இருந்தால் "பக்கத்தைப் புரட்டு" என்பதோடு முடிந்துவிடும்.

சரி, எதை எடுப்பது? "எது சிறந்தது" என்று கேட்டுக்கொண்டு மாதக்கணக்கில் படித்துக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஆட்டமே ஆடுவதில்லை. நீங்கள் ஓட்டப்போகும் மாட்யூல், அதாவது தயாராக எழுதி வைத்த சாகசம், எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று மட்டும் பாருங்கள், பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். அட்வான்ஸ்டு முதல் பதிப்பு என்றால் ஆஸ்ரிக். 1981 பேசிக், எக்ஸ்பர்ட் என்றால் ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ் அல்லது லாபிரிந்த் லார்ட். 1974 மூலப் பதிப்பின் வாசனை வேண்டுமென்றால் ஸ்வோர்ட்ஸ் அண்ட் விசார்ட்ரி. அதில் ஐந்து வகை சேவிங் த்ரோவுக்கு (ஆபத்திலிருந்து தப்பிக்க உருட்டும் பகடை) பதில் ஒன்றே ஒன்றுதான், நடத்துவதற்கு அவ்வளவு சுலபம். மாட்யூல் எதுவும் மனதில் இல்லை, ஆட வருபவர்கள் புதிய பதிப்புகளில் பழகியவர்கள் என்றால் கிறிஸ் கானர்மனின் பேசிக் ஃபேன்டஸியைக் கொடுங்கள். அதில் ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் காக்கும் எண்) கூடக்கூடப் பாதுகாப்பு கூடும், இனமும் கிளாஸும் (கேரக்டரின் தொழில்) தனித்தனி. 1981 தொகுப்பில் "எல்ஃப்" என்பதே ஒரு கிளாஸ் என்று விளக்கி முடிப்பதற்குள் புது ஆட்களுக்கு அலுப்புத் தட்டிவிடும்.

இரண்டு குளோன் சமமாகத் தெரிந்தால் நான் ஒரு பக்கத்தைத்தான் திறந்து பார்ப்பேன்: டன்ஜனுக்குள் ஒரு டர்ன் எப்படி நகர்கிறது என்று சொல்லும் பக்கம். அது சட்டென்று கண்ணில் பட்டால், படிப்படியாக எழுதியிருந்தால், அந்தப் புத்தகம் மேசைக்கு ஆகும். மந்திரப் பட்டியலும் ஓவியமும் பிறகு. 1981 விதிகளைப் பொறுத்தவரை கேவின் நார்மன் 2019-இல் கொண்டுவந்த ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸுக்கு இத்தனை பேர் மாறியதற்கு இந்தப் பக்க அமைப்புதான் காரணம் என்பேன். மூலத்தில் லெவல் 1 முதல் 3 வரை ஒரு புத்தகம், 4 முதல் 14 வரை இன்னொன்று. ஒரு விதியைத் தேட இரண்டையும் புரட்ட வேண்டும். இங்கே ஒவ்வொரு விஷயமும் ஒரே இடத்தில்.

அந்தப் பக்கத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்டால், பழைய ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. எண்கள் எந்தக் குளோனிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அது பெரிய விஷயமே இல்லை. நடைமுறைகள் அப்படியில்லை. 1981 வழியில் வந்த குளோன்களில் ஒரு டர்ன் என்பது பத்து நிமிடம். தீப்பந்தம் ஆறு டர்ன் எரியும். அந்த ஆறில் ஒரு டர்ன் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு டர்னுக்கு ஒருமுறை டிஎம் ஆறுமுகப் பகடையை உருட்டுவார், 1 விழுந்தால் ஏதோ ஒன்று நடைபாதையில் வந்துகொண்டிருக்கிறது. ஆக, ஒரு பந்தம் எரிந்து முடிவதற்குள் மூன்று உருட்டல். அதில் ஒன்றாவது பலிக்கும் வாய்ப்பு 42 சதவீதம். சுவரைத் தட்டித் தட்டி ரகசியக் கதவு தேடுவதற்கு இப்போது ஒரு விலை வந்துவிட்டது, கவனித்தீர்களா? "ரொம்ப நேரம் ஆச்சு, ஏதாவது வரும்" என்று டிஎம் மிரட்ட வேண்டியதே இல்லை.

இதைச் செய்யத் தேவையானது ஒரு துண்டுத்தாள்தான். ஆறு கட்டம் போட்ட வரிசைகள் வரைந்து, ஒவ்வொரு டர்னுக்கும் ஒரு கட்டத்தை அடியுங்கள். 2, 4, 6-ஆம் கட்டங்களின் மூலையில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே வரும்போது பகடை. வரிசை முடிந்தால் ஒரு பந்தம் காலி. இந்தத் தாளை நான் ஆட்டக்காரர்களில் ஒருவரிடமே கொடுத்துவிடுவேன். கட்டம் நிறைய நிறைய, நான் வாய் திறக்காமலே குழு வேகமாக முடிவெடுக்க ஆரம்பிக்கும்.

அடுத்தது ரியாக்ஷன் ரோல். பலரும் தாண்டிப் போய்விடும் விதி இது. தாண்டிவிட்டு, "பழைய ஆட்டத்தில் கேரக்டர்கள் ஈசல் மாதிரி சாகிறார்கள்" என்று புலம்புவார்கள். எதிரே வரும் மான்ஸ்டர் என்ன செய்யும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியாவிட்டால் இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டுங்கள். 2 விழுந்தால் உடனே தாக்கும். 3 முதல் 5 வரை பகைமை, தாக்கக்கூடும். 6 முதல் 8 வரை குழப்பம், தயக்கம். 9 முதல் 11 வரை அசட்டை, பேசினால் பேசலாம். 12 என்றால் நட்பு. கேரக்டரின் வசீகரத் திறனான கரிஸ்மாவுக்குச் சேரும் கூட்டல் கழித்தலை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், பார்த்தவுடன் பாயும் வாய்ப்பு 36-இல் 1. தயங்கி நிற்கும் வாய்ப்பு 36-இல் 16.

என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து பேர் கொண்ட குழு, எல்லோரும் முதல் லெவல். வளைவில் ஆறு கோப்ளின்கள். கோப்ளின்களுக்கு இருட்டில் கண் தெரியும், அவர்கள் கையில் வெளிச்சம் இல்லை. குழுவின் பந்தத்தைப் பார்த்துவிட்டு அவர்கள்தான் முதலில் நின்றார்கள். பகடையில் 7. நான் சொன்னேன்: "முன்னால் நிற்பவன் ஈட்டியைத் தாழ்த்தவும் இல்லை, ஓங்கவும் இல்லை. வெளிச்சம் கண்ணில் குத்துகிறது, முகத்தைச் சுளிக்கிறான்." தீஃப் ஆடியவர் உடனே பந்தத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அந்த ஒரு செய்கைக்காக மறுபடி உருட்டும்போது 1 கூட்டிக் கொடுத்தேன், வந்தது 9. கோப்ளின்கள் தங்கள் தலைவனைப் பற்றி நிறையப் புகார் சொன்னார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கு எங்களுக்குக் கதை அதிலிருந்துதான் வந்தது. நான் எதையும் முன்னால் திட்டமிட்டிருக்கவில்லை.

சண்டையே வந்தாலும் மொரேல் (மன உறுதி) விதியை விடாதீர்கள். கோப்ளினின் மொரேல் 7. தங்கள் தரப்பில் முதல் ஆள் விழும்போது ஒருமுறை, பாதிப் பேர் விழும்போது ஒருமுறை, இரண்டு பகடை உருட்ட வேண்டும். 7-ஐத் தாண்டினால் ஓட்டம், அல்லது சரண். இரண்டு சோதனையையும் தாண்டிக் கடைசிவரை நிற்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குதான். முதல் லெவல் மேஜிக் யூசருக்கு (மந்திரவாதி) நான்குமுகப் பகடை ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). அந்த ஆட்டத்தில் இந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான்காவதாக, பொன்னுக்கு அனுபவப் புள்ளி. பத்திரமாக வெளியே கொண்டுவந்த ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. ஒரு கோப்ளினைக் கொன்றால் 5 புள்ளி. ஆறைக் கொன்று ஐந்து பேர் பங்கிட்டால் ஆளுக்கு 6. அதே கோப்ளின்களை ஏமாற்றி 500 பொன் மதிப்புள்ள ஒரு கல்லைத் தூக்கிவந்தால் ஆளுக்கு 100. ஃபைட்டர் இரண்டாம் லெவலுக்குப் போக 2,000 வேண்டும். கணக்கு தெரிந்த ஆட்டக்காரர் இதற்குப் பிறகு வாளை உருவ யோசிப்பார். ஆனால் இதைக் குளோனுக்குக் குளோன் சரிபார்த்துக்கொள்ளுங்கள், சிலவற்றில் பொன்னுக்குப் புள்ளி விருப்ப விதியாகக்கூட இருக்கலாம்.

இந்த நான்கையும், அதாவது டர்ன் கணக்கு, ரியாக்ஷன், மொரேல், பொன், முதல் சில ஆட்டங்களுக்குக் கை வைக்காமல் ஓட்டுங்கள். மற்றது எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள். ஹிட் பாயின்ட் 0 ஆனால் சாவு என்பதைப் பலர் மாற்றுகிறார்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. திறன்களை வரிசைப்படி மூன்று பகடையில் உருட்டுவது பிடிக்கவில்லையா, இரண்டு எண்ணை இடம் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டு விதிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பது மட்டும் என் பிடிவாதம். அதற்கு மேல் போனால் நீங்கள் வேறு ஆட்டம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

பழைய மாட்யூலைக் குளோனில் ஓட்டும்போது ஆர்மர் கிளாஸ்தான் முதலில் உறுத்தும். பழையதில் எண் குறைந்தால் பாதுகாப்பு அதிகம். ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸில் ஏறுமுகக் கணக்கு வேண்டுமானால் 19-இலிருந்து கழியுங்கள்: சங்கிலிக் கவசம் 5 என்றால் 14. பேசிக் ஃபேன்டஸியில் 20-இலிருந்து கழியுங்கள், அதே கவசம் 15. அட்வான்ஸ்டு மாட்யூலில் கவசமில்லாத ஆள் 10, பேசிக்கில் 9. இந்த ஒரு எண் வித்தியாசத்துக்காக மாட்யூல் முழுக்கப் பென்சிலோடு உட்கார வேண்டாம், விட்டுவிடுங்கள். கவனிக்க வேண்டியது வேறொன்று: அட்வான்ஸ்டு ஃபைட்டருக்குப் பத்துமுகப் பகடை ஹிட் பாயின்ட், பேசிக் ஃபைட்டருக்கு எட்டுமுகம். அதனால் அட்வான்ஸ்டு மாட்யூலுக்குப் பேசிக் குழுவை அனுப்பும்போது கூலியாட்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கான விதியும் குளோனிலேயே இருக்கிறது. கரிஸ்மாவுக்கு அப்போதுதான் ஒரு வேலை வரும்.

சொந்தமாகச் சாகசம் எழுதும் ஆசை வந்தால், மான்ஸ்டர் வரியை இப்படி எழுதுங்கள்: கோப்ளின் ஆறு பேர், ஏசி (ஆர்மர் கிளாஸ்) 6 அல்லது ஏறுமுகத்தில் 13, ஹிட் டைஸ் (உயிர்ப் புள்ளிக்கான பகடை) 1-1, ஆயுதத்தின்படி சேதம், மொரேல் 7. எந்தக் குளோன் வைத்திருப்பவரும் இதைப் பார்த்த மாத்திரத்தில் ஓட்டிவிடுவார். ஒரு குளோனுக்கு எழுதியது அத்தனை குளோன்களிலும் ஓடுகிறது என்பதால்தான் இந்தச் சின்னக் கூட்டத்தில் இவ்வளவு சாகசங்கள் புழங்குகின்றன.

வெளியிடுவதற்கு முன் உரிமப் பக்கத்தைப் படியுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் ஆட்டத்தின் செயல்முறைக்குப் பதிப்புரிமை இல்லை, அதை விளக்கும் வாசகத்துக்கு உண்டு. எனவே விதியை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள், பத்தியை அப்படியே ஒட்டாதீர்கள். பழைய ஓப்பன் கேம் லைசென்ஸை மாற்றப் போகிறார்கள் என்ற செய்தி 2023 ஜனவரியில் வெடித்தது. கடைசியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸில் வந்து சேர்ந்தது. ஆனால் பேசிக் ஃபேன்டஸி அதற்குள் சுதாரித்துக்கொண்டது: அதன் நான்காம் பதிப்பு பழைய உரிமத்தின் சரக்கையெல்லாம் கழற்றிவிட்டுக் கிரியேட்டிவ் காமன்ஸுக்கே மாறிவிட்டது. அதிலிருந்து எடுத்து எழுதினால் உங்கள் படைப்பையும் அதே நிபந்தனையில் பகிர வேண்டும். ஒவ்வொரு குளோனுக்கும் நிபந்தனை வேறு. "இதோடு பொருந்தும்" என்று அட்டையில் போடுவதற்கே சிலர் தனி விதி வைத்திருக்கிறார்கள்.

ஒரே மேசையில் ஒருவர் லாபிரிந்த் லார்டும் இன்னொருவர் ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸும் கொண்டுவந்தால் பதற வேண்டாம், ஆடலாம். பெரும்பாலும் இடிப்பது கிளெரிக் (பூசாரி) கிளாஸில்தான். லாபிரிந்த் லார்டில் முதல் லெவலிலேயே ஒரு மந்திரம் உண்டு, மற்றதில் இரண்டாம் லெவல் வரை காத்திருக்க வேண்டும். கேரக்டர் ஷீட் எழுதும்போதே எந்தப் புத்தகத்தின் கிளெரிக் என்று மேலே ஒரு ஓரத்தில் குறித்துவிடுங்கள். இன்னும் ஏதாவது முரண்பட்டால் டிஎம் கையில் இருக்கும் பிரதி சொல்வதே முடிவு, ஆட்டம் முடிந்த பிறகு சாவகாசமாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.