தொப்பை குறைக்க நம்ம கடக்கரை வழி

எடுத்தவுடனே சோத்த நிறுத்தாதீங்க, ரெண்டு நாள் தாங்கும், மூணாவது நாள் டபுளா இறக்கிருவோம், நான் அப்டித்தான் கெட்டேன். தட்டுல பாதி காய், கால்வாசி மீனு, மிச்சம்தான் சோறு. மீன பொரிக்காம குழம்பா வைங்க, இல்ல கல்லுல லேசா எண்ணெய் தடவி வாட்டுங்க, ஒரு கிராம் எண்ணெய்க்கே 9 கலோரி, நாம சட்டில ஊத்துறதுக்கு கணக்கே கெடையாது. சாளை மீனு (மத்தி) போதும், சீலா மாதிரி பெரிய மீனுக்கு அலைய வேணாம். கருவாடு எப்பவாச்சும், அதையும் ஊறவச்சு அந்த தண்ணிய கொட்டிருங்க, ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள்ளதான் இருக்கணும். பதனி? அதுவும் இனிப்புதான்ணே.

நடைக்கு பாம்பன் பாலம் வேணாம், காத்தும் வண்டியும் தள்ளிரும், விடியக்காலைல ஈரமணல்ல 30 நிமிஷம், வாரம் 5 நாள். சுகர் உள்ளவங்க செருப்பு போட்டுக்கங்க, சிப்பி கிழிச்சா புண்ணு லேசுல ஆறாது.