ஆக்சிஜன் சென்சார் கோடு: மீட்டர் காட்டும் 12 வோல்ட்டை நம்பிக் கெட்ட கதை

"அண்ணே, ஹீட்டர் வயர்ல பன்னெண்டு வோல்ட் வருது. சென்சார்தான் போச்சு, மாத்திடலாமா?"

போன வாரம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான். எஞ்சின் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் சென்சாரையும், அதற்குள்ளேயே இருந்து அதைச் சூடாக்கும் ஹீட்டரையும்தான் சொன்னான். கனெக்டரைக் கழற்றித் தொங்கவிட்டு, மல்டிமீட்டர் முனையை அதில் வைத்துப் பிடித்திருந்தான். எனக்குச் சுருக்கென்றது. இதே மாதிரி நின்று, இதே வார்த்தையைச் சொல்லி, ஒருவருடைய பணத்தை நான் கரைத்திருக்கிறேன்.

ஸ்கேனரில் கோடு (கோளாறைச் சொல்லும் எண்) வந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு சென்சாரை மாற்றாதே, ஃப்யூஸைப் பார் என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஃப்யூஸும் பார்த்து, மீட்டரும் வைத்து, அப்புறமும் சறுக்குகிறவர்களுக்குத்தான் இது.

எந்த சர்க்யூட் என்று பார்க்காமல் இறங்குவது

நாலு வயர் சென்சாருக்குள் இருப்பது இரண்டு தனி சர்க்யூட். சென்சார் பக்கத்தில் ஒரே நிறமாக வரும் இரண்டு வயர் பெரும்பாலும் ஹீட்டருடையவை. மற்ற இரண்டும் சிக்னல். பி0135 ஹீட்டரைச் சொல்கிறது. பி0131 என்றால் சிக்னல் வோல்டேஜ் குறைவு, பி0132 என்றால் அதிகம், பி0134 என்றால் அசைவே இல்லை. ஹீட்டர் கோடு வந்த காரில் சிக்னல் வயரைப் பிடித்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

லோடு இல்லாமல் வோல்டேஜ் பார்ப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான்.

நான் பணத்தைக் கரைத்த அந்தக் காரில் வந்த கோடு பி0135. கனெக்டரைக் கழற்றினேன், மீட்டர் வைத்தேன், 12.4 வோல்ட். வயர் நல்லது என்று முடிவு கட்டி, புது சென்சார் போட்டேன். மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கொஞ்ச தூரம் போனதுமே செக் எஞ்சின் விளக்கு எரிந்துவிட்டது. புது சென்சாரே கோளாறு என்று இன்னொன்று வாங்கவைத்தேன். அதே கோடு. கடைசியில் "ஈசியூ போயிடுச்சு சார்" என்றேன், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் அந்தக் கம்ப்யூட்டரையும் மாற்றினோம். மூன்றாம் நாள் கார் திரும்ப வந்து நின்றது. ஆத்திரத்தில் கியர்பாக்ஸ் மேலே போகும் வயரைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. யாரோ எப்போதோ முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட். உள்ளே செம்பு முழுக்கப் பச்சை பூத்து உதிர்ந்தது.

மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் 10 மெகா ஓம். அது இழுக்கும் கரண்ட் ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவுதான். அழுகிய ஜாயிண்டில் 10 ஓம் தடை இருந்தாலும் அந்தத் துளி கரண்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 12 வோல்ட் முழுசாகத் தெரியும். ஹீட்டரை மாட்டுங்கள். அதன் தடையும் 10 ஓம் என்று வைத்துக்கொண்டால், பாதி வோல்ட் ஜாயிண்டிலேயே தங்கிவிடும். ஹீட்டருக்குக் கிடைப்பது ஆறு. சென்சார் உருப்படியாக வேலை செய்ய 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும். ஆறு வோல்ட்டில் எப்போது சூடாகிறது! கரண்ட் குறைவதைப் பார்த்து ஈசியூ கோடு போடுகிறது. பாவம், அதைத்தான் நான் கழற்றிப் போட்டேன்.

இப்போது 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் சேர்த்து வைத்திருக்கிறேன். ஹீட்டர் சப்ளை வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மாட்டினால் ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் சப்ளை வயர் சரி. மங்கலாக எரிந்தால் சென்சார் கடைக்குப் போகாதீர்கள், வயரைத் தேடுங்கள். சில கார்களில் எஞ்சின் ஓடினால்தான் ஹீட்டருக்குக் கரண்ட் விடும் ரிலே பிடிக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

ஹீட்டரின் இன்னொரு வயர் ஈசியூவுக்குப் போகிறது. பெரும்பாலான கார்களில் எர்த் கொடுப்பது அதுதான். அதில் நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்த்து ஈசியூவுக்குள் அந்த எர்த்தை இணைக்கும் டிரைவர் சர்க்யூட்டை எரித்தவரையும் பார்த்திருக்கிறேன்.

சிக்னல் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஆடவில்லையே என்று பயப்படுவது

முதலில் அது எந்த வகை சென்சார் என்று பாருங்கள். பழைய ஜிர்கோனியா வகைதான் 0.45 வோல்ட்டுக்கு மேலும் கீழும் ஆடும். காற்று-எரிபொருள் விகிதத்தையே அளக்கும் ஏர்-ஃப்யூல் சென்சார் அப்படி ஆடாது. வயரை எண்ணி முடிவு செய்யாதீர்கள்: டொயோட்டாவில் நாலு வயரிலேயே ஏர்-ஃப்யூல் சென்சார் வருகிறது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சாரோ ஆடாமல் இருந்தால்தான் நல்லது.

வயரில் ஊசி குத்திப் பார்ப்பது

குத்திய ஓட்டை வழியாகத் தண்ணீர் போகும். கனெக்டரின் பின்பக்கமாக முனையை நுழையுங்கள்.

சென்சார் வயரை சாலிடர் செய்வது

வேண்டாம், அழுத்திப் பிணைக்கும் கிரிம்ப் போடுங்கள். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்றை வயர் இழைகளுக்கு நடுவே இருந்துதான் எடுக்கின்றன.

சிலிக்கான் சீலன்ட்

சென்சாருக்கு விஷம்.

அந்தப் பையன் பார்த்த காரில் பல்பை மாட்டினேன். பளிச்சென்று எரிந்தது. சென்சார் பக்கம் ஓம் பார்த்தால் ஹீட்டர் கம்பி அறுந்திருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்லண்ணே" என்றான்.