ரைஃபிள் பெட்டிங்: எபாக்ஸி குழைப்பதற்கு முன்பே நேரும் தவறுகள்

அமெரிக்காவில் ரெமிங்டன் 700 போன்ற போல்ட் ரைஃபிள் (போல்ட் என்னும் தண்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) வைத்திருப்பவர்கள் பலர் பெட்டிங் வேலையை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். ஆக்‌ஷன் என்னும் உலோக உடலுக்கும் அதைத் தாங்கும் கட்டைக்கும் (ஸ்டாக்) நடுவிலுள்ள இடைவெளியை எபாக்ஸி என்னும் இறுகும் பசையால் நிரப்பி, ஒவ்வொரு முறை சுட்டபின்பும் அந்த உடல் பழைய இடத்திலேயே அமரும்படி செய்வதுதான் பெட்டிங். எபாக்ஸியைக் குழைக்கச் சில நிமிடங்கள் போதும். அதற்கு முந்தைய தயாரிப்புக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் வேண்டும். அந்த மாலையைச் சுருக்கப் பார்ப்பதில்தான் பெரும்பாலான வேலைகள் கெடுகின்றன.

குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை காலியாக இருக்கிறது என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, போல்டையும் விசைத் தொகுதியையும் கழற்றி வையுங்கள். பிறகு ஆக்‌ஷனைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விசை அமரும் பள்ளம், ஊசித் துளைகள், திருகாணிக் குழிகள் எல்லாம் தெரியும். எபாக்ஸி இவற்றில் ஒன்றில் புகுந்து இறுகினாலும் ஆப்பு அடித்ததுபோல் உடலும் கட்டையும் பிணைந்துவிடும். எவ்வளவு மெழுகு பூசியிருந்தாலும் பயனில்லை. பிள்ளைகள் உருவம் பிடிக்கும் களிமண்ணை ஒவ்வொரு துளையிலும் அழுத்தி, பிளேடால் மேற்பரப்போடு சமமாக வழித்துவிடுங்கள். மற்ற இடங்களில் எபாக்ஸி ஒட்டாமலிருக்க நிறமற்ற ஷூ பாலிஷ் இரண்டு பூச்சு போதும். திருகாணி மரைகளுக்குப் பூச மறப்பவர்களே அதிகம்.

பின்னுதைப்பைத் தாங்குவது ஆக்‌ஷனின் முன்பகுதியில் கீழ்நோக்கி நீட்டியிருக்கும் லக் என்னும் உலோகத் துண்டு. அதன் பின்முகம் மட்டும் இறுகிய எபாக்ஸியைத் தொட்டு நிற்க வேண்டும். முன்புறம், இரு பக்கங்கள், அடி ஆகியவற்றில் ஒரு அடுக்கு டேப் ஒட்டுங்கள். டேப்பே ஒட்டாமல் விட்டால், பிறகு கழற்றும்போதும் மாட்டும்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.

என்னைக் கேட்டால், மன்னிக்க முடியாத தவறு வேறு. எபாக்ஸி ஈரமாக இருக்கும்போது திருகாணிகளை முழு பலத்தோடு முடுக்குகிறார்கள். ஆக்‌ஷன் மெல்ல வளைகிறது; எபாக்ஸி அந்த வளைவையே அச்செடுத்து இறுகுகிறது. ஆக்‌ஷனைத் தன் எடையில் அமரவிட்டு, மின்சார டேப்பால் சுற்றிக் கட்டினாலே போதும். வேலை முடிந்தபின் குழலுக்கும் கட்டையின் முன்முனைக்கும் இடையே, நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து, முன் திருகாணியைத் தளர்த்திப் பாருங்கள். முள் 0.002 அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் அழுத்தம் இன்னும் இருக்கிறது.

ஒரு நாள் முழுவதும் இறுகவிடுங்கள். கழன்று வராவிட்டால் நெம்பாதீர்கள்; சில மணிநேரம் ஃப்ரீசரில் வைத்தால் உலோகம் சுருங்கி விடுபடும். அப்போதும் நேராக மேலே தூக்குங்கள், சாய்த்தால் லக் பள்ளத்தின் விளிம்பு உடையும். கடைசியாக, கட்டையிலுள்ள திருகாணித் துளைகளைச் சற்றே அகலப்படுத்துங்கள். திருகாணியின் தண்டு துளைச் சுவரைத் தொட்டால், லக் தாங்க வேண்டிய உதையை அது வாங்கிக்கொள்ளும்.