வன்னியில் எளிமையான மரவீடு: எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது

படங்களில் பார்க்கும் நவீன மரவீடுகள் பல, சுவரைத் தாண்டி நீளும் கூரைத் தாழ்வாரமே இல்லாத பெட்டிகள். அதை அப்படியே மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ எழுப்பினால் சில மாரிக்குள் பலகையின் அடி கறுத்து உக்கத் தொடங்கும். உள்சுவர், அலங்காரம், தளபாடம் எல்லாவற்றையும் தாராளமாகக் குறையுங்கள். தாழ்வாரத்திலும் வீட்டைத் தாங்கும் கால்களின் உயரத்திலும் மட்டும் கை வைக்காதீர்கள்.

நாலு பேர் இருக்க 36 அடி நீளம், 12 அடி அகலம், வடக்கே 6 அடி விறாந்தை போதும். 9 அடிக்கு ஒரு கட்டாகப் பிரித்தால் நாலு கட்டு. நீளப்பக்கம் கிழக்கு மேற்காக ஓடட்டும். பின்னேர வெயில் படும் மேற்குச் சுவர் அப்போது 12 அடிதான். சோளகம் தெற்கு யன்னலால் வந்து வடக்கால் வெளியேறும். வாடையோடு சாய்ந்தடிக்கும் மாரி மழையை விறாந்தை வாங்கிக்கொள்ளும். தெற்குத் தாழ்வாரம் 3 அடிக்குக் குறையக் கூடாது.

கிழக்குக் கட்டில் குசினியும் குளியலறையும். அந்தக் கட்டை மட்டும் சீமெந்துக் கல்லில் கட்டுங்கள்; தண்ணீர் புழங்கும் இடத்தில் மரம் நிற்காது. சோளகம் வீசும்போது புகையும் வீட்டுக்குள் வராது. அக்கினி மூலை பார்ப்பவர்கள் அடுப்பைத் தெற்குப் பக்கம் தள்ளி வைத்தால் சரி.

மீதி மூன்று கட்டுக்கு 12 தூண், நடுவில் தரையைத் தாங்க 4 குட்டைக் கால். தூணை மண்ணில் நடவே கூடாது. 3 அடி தோண்டி, 2 அடிச் சதுரத்தில் 9 அங்குலத் தடிப்புக்குக் கொங்கிரீட் இட்டு, அதிலிருந்து 9 அங்குலச் சதுரக் கால் எழுப்புங்கள். உள்ளே 10 மி.மீ. கம்பி நாலு. முருங்கன் பக்கத்துக் கருங்களியில் 3 அடி போதாது. கோடையில் வெடிப்பு இறங்கும் ஆழத்தைத் தாண்டிப் போக வேண்டும். கால் நிலத்துக்கு மேல் குறைந்தது 2 அடி. 2018 மார்கழி வெள்ளம் காணியில் எவ்வளவு நின்றதென்று அயலாரிடம் கேட்டு, அதற்கும் ஒரு அடி மேலே தரையை வையுங்கள்.

காலின் தலையில் கல்வனைஸ் தகரத் தொப்பி வரும். சுற்றிவர 2 அங்குலம் வெளியே நீட்டி, விளிம்பைச் சரிவாகக் கீழ்நோக்கி மடிக்க வேண்டும். இது கறையானைக் கொல்லாது. ஒளிந்து ஏற விடாது, அவ்வளவுதான்: தொப்பியைச் சுற்றி மண்கூடு கட்டித்தான் மேலே போக முடியும், அது கண்ணில் படும். ஆகவே வீட்டுக்கடியில் விறகு, ஓலை, பழைய பலகை எதையும் அடுக்காதீர்கள். போல்ட் போகும் ஓட்டையைத் தாரால் அடைக்க மறந்தால் தொப்பியால் பயனில்லை. தூணின் அடி தொப்பியில் குந்தாமல், இரும்புத் தாங்கியில் ஒரு அங்குலம் உயர்ந்து நிற்கட்டும். மரம் வெட்டுமுகத்தால்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும்.

தூணுக்கு 5 அங்குலச் சதுரப் பாலை அல்லது முதிரை. வைரம் மட்டும், வெள்ளை ஓடிய பக்கம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பாலையில் துளை போடாமல் அடித்தால் ஆணி வளையும். கைமரத்துக்கு முற்றிய பனை. மரக்காலைப் பற்றுச்சீட்டையும் மரம் ஏற்றும் அனுமதியையும் பத்திரப்படுத்துங்கள். சொந்தக் காணிப் பனையைத் தறிக்கவும் அனுமதி வேண்டும்.

பலகைச் சுவரில்தான் அதிகம் பிழை நடக்கிறது. ஒரு அங்குலப் பலகை நிழலில் காய ஏறத்தாழ ஒரு வருடம் எடுக்கும். இடையிடையே சலாகை வைத்து அடுக்க வேண்டும். காய்ந்த பிறகும் அது மாரியில் ஊதும், ஆவணியில் சுருங்கும். 6 அங்குலப் பலகையை நிறுத்தி, 3 மி.மீ. இடைவெளி விட்டு, நடுவில் மட்டும் திருகாணி போடுங்கள். இரு ஓரத்தையும் இறுக்கினால் நடுவால் பிளக்கும். இடைவெளியை மூடும் சலாகையின் திருகாணி பலகையைத் தொடாமல் சட்டத்துக்குள் போக வேண்டும். பலகையின் கீழ் முனையை உள்ளிருந்து வெளியே இறங்கும் சரிவாக வெட்டினால் துளி வெளி நுனியில் சொட்டிவிடும்.

மரம் உளுத்துப் போகாமல் இருக்க, 10 லீற்றர் தண்ணீரில் போராக்ஸ் 360 கிராம், போரிக் அசிட் 240 கிராம் கரைத்து இரண்டு முறை பூசுங்கள். மழையில் கரைந்து போகுமென்பதால் கூரைக்குள் இருக்கும் மரத்துக்கு மட்டும். வெளிப்பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. பளபளக்கும் வார்னிஷ் வெயிலில் உரிந்துவிடும், பிறகு சுரண்டியே களைத்துப் போவீர்கள்.

ஓடு என்றால் 30 பாகைச் சாய்வு, தகரம் என்றால் 15 போதும். 2020 மார்கழியில் புரெவி முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில்தான் கரையேறியது. ஆகவே ஒவ்வொரு கைமரத்தையும் தூண்களின் தலையில் ஓடும் வளையோடும், வளையைத் தூணோடும் இரும்புப் பட்டியால் பிணையுங்கள். ஆணியை மட்டும் நம்பினால் கூரை எழும்பிப் போகும். கடல் பக்கமென்றால் கறள் பிடிக்காத திருகாணி.

அத்திவாரம் ஆடியில், கூரை புரட்டாதி முடிவதற்குள். யானை நடமாடும் பக்கமானால் நெல் மூட்டையை வீட்டுக்குள் வைக்காதீர்கள். பலகைச் சுவர் அதற்கு ஒரு தடையே இல்லை.