ஒரு மாவட்டத்தின் எரிசக்திக் கணக்கைத் திரட்டுவது எப்படி: மதுரையை முன்வைத்து ஒரு வழிகாட்டி

இந்தியாவின் எரிசக்திப் புள்ளிவிவரங்களை ஒரே அலுவலகம் திரட்டுவதில்லை. மின்சாரத்தின் எண்கள் மத்திய மின்சார ஆணையத்திலும், நிலக்கரியின் எண்கள் நிலக்கரிக் கட்டுப்பாட்டாளர் அமைப்பிலும், பெட்ரோலியப் பொருள்களின் எண்கள் 2002-இல் தொடங்கப்பட்ட பெட்ரோலியத் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவிலும் சேர்கின்றன. இவற்றைத் தொகுத்து, தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஆண்டுதோறும் ஒரு தொகுதி வெளியிடுகிறது. மின்சாரம் விற்பவரும், உற்பத்தி செய்பவரும், சொந்தத் தேவைக்கு உற்பத்தி செய்துகொள்பவரும் மின்சார ஆணையம் கேட்கும் விவரங்களைத் தந்தாக வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு விதிக்கிறது. விறகு வெட்டி விற்பவருக்கோ வறட்டி தட்டுபவருக்கோ அப்படிக் கணக்குக் கொடுக்கும் கடமை ஏதும் இல்லை. ஆகவே மின்சாரத்தை யூனிட் வரை அறிந்த நாட்டில், அடுப்பெரிக்கும் விறகு மதிப்பீடாகவே நிற்கிறது. மதுரை மாவட்டத்துக்கு எரிசக்திக் கணக்கு எழுத விரும்பும் ஆய்வு மாணவரும் ஆசிரியரும் தன்னார்வலரும் இந்த ஏற்றத்தாழ்வை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

எண்ணைத் தேடுவதற்கு முன் எல்லையை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பழைய கையேடுகளில் ‘மதுரை மாவட்டம்’ என்று காணும் எண்ணில், 1985-இல் பிரிந்த திண்டுக்கல்லும் 1996-இல் பிரிந்த தேனியும் அடங்கியிருக்கும். அதை இன்றைய மாவட்டத்தின் எண்ணோடு நேரே ஒப்பிட்டால் நுகர்வு சரிந்துவிட்டதாகப் பொய்த்தோற்றம் எழும். மின்வாரியத்தின் நிர்வாக எல்லைகளும் வருவாய் மாவட்டமும் ஒன்றல்ல. ‘மதுரை மண்டலம்’ என்ற தலைப்பில் வரும் எண்ணில் அண்டை மாவட்டங்களும் சேர்ந்திருக்கும் என்பதால், மின் பகிர்மான வட்டம், கோட்டம் என்ற அளவுக்கு இறங்கிக் கேட்க வேண்டும். ஆண்டைப் பொறுத்தவரை, தேசியத் தொகுதி ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டைப் பின்பற்றுவதால் நாமும் அதையே பின்பற்றுவது நல்லது.

அடுத்து, ஒவ்வோர் எரிபொருளையும் இரண்டு முனைகளிலிருந்து அளக்க வேண்டும். மாவட்டத்துக்குள் வந்ததும் விளைந்ததும் ஒரு பக்கம். வெளியே சென்றது, இருப்பில் கூடியது, வழியில் இழந்தது, வீடும் வயலும் ஆலையும் வண்டியும் பயன்படுத்தியது ஆகியவை மறுபக்கம். இரண்டும் ஒத்துவராதபோது எஞ்சுவதைப் ‘புள்ளியியல் வேறுபாடு’ என்ற தனி வரியில் எழுத வேண்டும் என்பதே ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் 2011-இல் ஏற்ற எரிசக்திப் புள்ளிவிவரப் பரிந்துரைகளின் வழி. அந்த வரியை மறைப்பதற்காக ஏதோ ஒரு துறையின் எண்ணை ஏற்றி இறக்குவது, இந்தப் பணியில் செய்யக்கூடிய பெரும் தவறு என்று நான் கருதுகிறேன். வேறுபாடு பெரிதாக இருந்தால், எங்கே அளவீடு குறைவு என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

மின்சாரத்தில் தொடங்குவது எளிது. கட்டண வகைவாரியாக விற்பனையான யூனிட்டுகள் வாரியத்தின் பதிவில் உள்ளன. மின்வாரியம் என்று நாம் சொல்லும் தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் 2024-இல் பிரிக்கப்பட்டு, பகிர்மானம் தனி நிறுவனமாகிவிட்டதால், தொடர்வரிசையைத் தொகுக்கும்போது நிறுவனத்தின் பெயர் மாறிய இடத்தைக் குறித்துவையுங்கள். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், ஏப்ரலில் எடுக்கப்பட்ட அளவீட்டில் முந்தைய நிதியாண்டின் நுகர்வும் கலந்திருக்கும். ஆண்டுக் கூட்டலில் இது பெரும்பாலும் சமன்பட்டுவிடும், மாதவாரி ஒப்பீட்டில் சமன்படாது.

உண்மையான சிக்கல் பம்புசெட்டில் இருக்கிறது. வீடுகளுக்குத் தரப்படும் இலவச 100 யூனிட் மீட்டரில் பதிவாகிறது. விவசாயத்துக்கான இலவச மின்சாரத்திலோ, பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் இல்லாததால், மாதிரி மீட்டர்களையும் மோட்டாரின் குதிரைத்திறனையும் வைத்து நுகர்வு மதிப்பிடப்படுகிறது. அனுப்பிய மின்சாரத்தில் நுகர்வைக் கழித்து எஞ்சுவதே இழப்பு என்பதால், அந்த மதிப்பீடு கூடினால் கம்பியில் ஏற்படும் இழப்பு குறைந்ததாகத் தெரியும், குறைந்தால் இழப்பு கூடியதாகத் தெரியும். ஆகவே விவசாய நுகர்வையும் இழப்பையும் ஒருபோதும் தனித்தனியாக நம்பக் கூடாது. 5 குதிரைத்திறன் மோட்டாரின் வெளிப்பாடு 3.73 கிலோவாட். அதன் செயல்திறன் 80 விழுக்காடு என்று கொண்டால் அது உள்வாங்குவது ஏறத்தாழ 4.7 கிலோவாட். ஆண்டில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதுதான் விடை தெரியாத கேள்வி, அந்த விடை ஊருக்கு ஊர் மாறும். பெரியாறு பாசனக் கால்வாயில் தண்ணீர் வரும் மேலூர்ப் பக்கத்துக் கிணறும், மானாவாரியை நம்பியிருக்கும் உசிலம்பட்டி, சேடபட்டிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறும் ஒரே அளவு ஓடுவதில்லை. மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களைக் கால்வாய்ப் பாசனம், கிணற்றுப் பாசனம் என்று இரு அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில மோட்டார்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, உரிமையாளரின் ஒப்புதலோடு ஓட்ட நேரத்தைப் பதிவு செய்தால், வாரியத்தின் மதிப்பீட்டைச் சோதிக்க ஓர் அடிப்படை கிடைக்கும். அணை திறந்த மாதங்களும் கோடையும் இரண்டுமே பதிவில் இருக்க வேண்டும்.

நூற்பாலைகளின் உயரழுத்த இணைப்புகளில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆலைக்குச் சொந்தமான காற்றாலை தேனியிலோ திருநெல்வேலியிலோ சுழல, அந்த யூனிட்டுகள் மதுரையில் உள்ள ஆலையின் கட்டணத்தில் ஈடுகட்டப்படுகின்றன. பயன்பாடு மதுரையுடையது, உற்பத்தி மதுரையுடையதன்று. இரண்டையும் இங்கேயே எழுதினால் ஒரே யூனிட் இருமுறை எண்ணப்படும். மாடிச் சூரிய மின்தகடுகளில் இதற்கு நேர்மாறான குறை நேர்கிறது: பகலில் வீட்டுக்குள்ளேயே செலவாகும் மின்சாரம் நிகர மீட்டரைத் தொடுவதே இல்லை என்பதால், தகட்டின் உற்பத்தியை இன்வெர்ட்டரிலோ தனி உற்பத்தி மீட்டரிலோ பார்த்துத்தான் எழுத வேண்டும்.

பெட்ரோலியத்தில் மாநில அளவு விற்பனை வெளிப்படையாகக் கிடைக்கிறது, மாவட்ட அளவுக்கு எண்ணெய் நிறுவனங்களைக் கேட்க வேண்டும். ஆனால் பெட்ரோல் பங்கில் விற்ற டீசல் வாங்கிய இடத்தைச் சொல்லுமே தவிர எரிந்த இடத்தைச் சொல்லாது. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கன்னியாகுமரி வரை ஓடும் லாரி மதுரைப் புறவழிச்சாலையில் நிரப்பிக்கொண்டு போகிறது. அதே பங்கில் டிராக்டருக்கும் கிரானைட் குவாரியின் இயந்திரத்துக்கும் கேனில் பிடித்துச் செல்கிறார்கள். தேசிய அளவிலேயே டீசலில் யார் பங்கு எவ்வளவு என்பதை அறிய, பெட்ரோல் பங்குகளில் நேரில் கேட்டறியும் ஆய்வு தேவைப்பட்டது. 2014-இல் வெளியான அதன் முடிவு, டீசலில் சுமார் 70 விழுக்காடும் பெட்ரோலில் 99.6 விழுக்காடும் போக்குவரத்துக்குப் போவதாகக் கூறியது. அந்த விகிதத்தை மதுரைக்கு அப்படியே பொருத்துவதைவிட, புறவழிச்சாலைப் பங்குகள், நகர்ப் பங்குகள், கிராமப் பங்குகள் என்று பிரித்து, வாங்க வந்தவரிடம் எதற்கு என்று ஒரு வாரம் கேட்டுப் பதிவது மேலானது. மதுரையிலிருந்து கொழும்புக்கும் துபாய்க்கும் பறக்கும் விமானங்கள் நிரப்பும் எரிபொருளைப் பன்னாட்டு விமானப் பயன்பாடு என்று ஒதுக்கிவிட வேண்டும், அது உள்நாட்டு நுகர்வில் சேராது.

சமையல் எரிவாயுவில் இணைப்புகளின் எண்ணிக்கையைக் கண்டு திருப்தி அடையக் கூடாது. ஒரு வீட்டில் சிலிண்டர் இருப்பது வேறு, ஆண்டுக்கு எத்தனை முறை நிரப்பிய சிலிண்டர் வாங்குகிறார்கள் என்பது வேறு. 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரையும் 19 கிலோ வணிகச் சிலிண்டரையும் தனித்தனியே கேட்டுப் பெறுங்கள்.

விறகுதான் அதிக உழைப்பையும் அதிகப் பொறுமையையும் கேட்பது. தேசிய மாதிரி ஆய்வின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு, கடந்த 30 நாளில் ஒரு வீடு பயன்படுத்திய விறகு, எரிவாயு, மண்ணெண்ணெய், மின்சாரம் ஆகியவற்றின் அளவையும் மதிப்பையும் கேட்கிறது. 2022-23, 2023-24 ஆகிய இரு ஆண்டுகளுக்கும் அது கிடைக்கிறது. மாநிலத்துக்கு அது நம்பத்தக்கது. ஒரு மாவட்டத்துக்குத் தனியே பிரித்தால் மாதிரி வீடுகள் போதா. எனவே நாமே ஒரு சிறு ஆய்வு நடத்த வேண்டியிருக்கும்.

அந்த ஆய்வில் ‘மாதம் எத்தனை கிலோ?’ என்று கேட்காதீர்கள். கட்டாகவும் சுமையாகவும் விறகைப் புழங்குபவரிடம் கிலோவைக் கேட்டால், கேட்டவரைத் திருப்திப்படுத்த ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். ‘அக்கா, கடைசியா எப்ப விறகு எடுத்தீங்க? அந்தக் கட்டு எத்தனை நாளைக்கு வந்துச்சு?’ என்று கேட்டுவிட்டு, அதே அளவு கட்டு ஒன்றைத் தொங்கு தராசில் நிறுத்துப் பாருங்கள். அதைவிடச் சரியான வழி, காலையில் ஒரு குவியலை நிறுத்து ஒதுக்கி, அதிலிருந்து மட்டும் எரிக்கச் சொல்லி, மறுநாள் அதே நேரத்தில் எஞ்சியதை நிறுப்பது. சீமைக்கருவேலம், தென்னை மட்டை, சுள்ளி, பருத்திமாறு என்று வகையையும், பச்சையா காய்ந்ததா என்பதையும் குறிக்க வேண்டும், ஏனெனில் ஈரம் கூடும் அளவுக்கு வெப்பம் குறையும்.

வீட்டோடு நிறுத்திவிட்டால் கணக்கு பாதியில் நிற்கும். பரோட்டாக் கடை, கல்யாண மண்டபச் சமையல், செங்கல் காளவாசல், வெல்லம் காய்ச்சும் இடம் ஆகியவற்றையும் பட்டியலிட்டு மாதிரி எடுக்க வேண்டும். சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் பக்கங்களில் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குவது பெருந்தொழில். கரியாக உள்ளே வருவதைக் கரியாகவே எழுத வேண்டும், அதற்கு எரிந்த மரத்தை மூட்டம் போட்ட மாவட்டத்தின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

எல்லாம் சேர்ந்தபின் ஒரே அலகுக்கு மாற்றுங்கள். ஒரு யூனிட் மின்சாரம் 3.6 மெகாஜூல். ஒரு டன் எண்ணெய்ச் சமானம், அதாவது ஒரு டன் கச்சா எண்ணெய் தருவதாகக் கொள்ளும் வெப்பம், 41.868 கிகாஜூல், அதாவது 11,630 யூனிட். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2006-இல் தந்த பொது மதிப்புகளின்படி ஒரு கிலோ சமையல் எரிவாயுவுக்கு 47.3 மெகாஜூல், டீசலுக்கு 43, விறகுக்கு 15.6. ஆக, ஒரு வீட்டுச் சிலிண்டரில் உள்ள வெப்பம் சுமார் 672 மெகாஜூல், விறகில் அது 43 கிலோ. விறகடுப்பின் திறன் எரிவாயு அடுப்பைவிடக் குறைவு என்பதால், ஒரு சிலிண்டரால் மிச்சமாகும் விறகு 43 கிலோவைவிடக் கூடுதலாகவே இருக்கும். இந்த இரண்டையும் குழப்பும் கட்டுரைகள் ஏராளம். முதன்மை எரிசக்தியில், அதாவது வேறு வடிவத்துக்கு மாற்றுவதற்கு முன் உள்ள எரிசக்தியில், இன்னொரு மரபும் உண்டு: கமுதியின் சூரிய மின்சாரத்தை அப்படியே ஒன்றுக்கு ஒன்றாக எழுதும் ஐ.நா. முறை, கூடங்குளத்தின் மின்சாரத்துக்கு அணு உலையின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், 33 விழுக்காடு திறன் என்ற வழக்கப்படி ஏறத்தாழ மும்மடங்காக எழுதுகிறது.

கேட்டும் கிடைக்காத விவரங்களுக்கு 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும்; 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘எல்லா விவரமும் தருக’ என்று எழுதாமல், எந்த வட்டம், எந்தக் கட்டண வகை, எந்த ஆண்டு, எத்தனை யூனிட் என்று ஒரு காலி அட்டவணையையே இணைத்து அனுப்பினால் நிரப்பித் தருவது அவர்களுக்கும் எளிது. அதற்கு முன் மாவட்டப் புள்ளியியல் துணை இயக்குநர் அலுவலகம் வெளியிடும் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். ஆலை உரிமையாளரோ குடும்பமோ தந்த எண்களைத் தனித்து அடையாளம் தெரியும்படி வெளியிடக் கூடாது. ஒரு வகையில் ஒன்றிரண்டு ஆலைகளே இருந்தால், அவற்றை அடுத்த வகையோடு சேர்த்துக் காட்டுங்கள்.

அட்டவணையில் ஒவ்வோர் எண்ணுக்கு அருகிலும் அளந்தது, மதிப்பிட்டது, பிற இடத்து விகிதத்தால் கணித்தது என்று மூன்றில் ஒரு குறியை இடுங்கள். பம்புசெட், விறகு, டீசல் பங்கீடு ஆகிய மூன்றும் முதல் ஆண்டில் பெரும்பாலும் அளந்த பட்டியலுக்கு வெளியேதான் இருக்கும். தேசியத் தொகுதியின் புதிய பதிப்பு வரும்போது முந்தைய ஆண்டுகளின் எண்களும் அதில் திருத்தப்பட்டிருக்கும். அப்போது நமது அட்டவணையையும் திருத்தி, பழைய எண்ணை அழிக்காமல், திருத்திய தேதியோடு புதியதை அதன் பக்கத்தில் எழுதிவையுங்கள்.