வீட்டில் பிழை திருத்துகிறீர்களா? பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்

சமூக மன்ற அறிவிப்பு, கோயில் விழா மலர், கடைத் துண்டுப் பிரசுரம் என்று தமிழ்ப் பக்கங்களை வீட்டிலிருந்தே திருத்திக் கொடுப்பவர்கள் சிங்கப்பூரில் உண்டு. நீங்களும் அப்படியென்றால், தொடக்கநிலை மூன்றிலோ நான்கிலோ படிக்கும் பிள்ளை நல்ல துணை. "அவனே தட்டுத் தடுமாறித்தான் தமிழ் படிக்கிறான்" என்பீர்கள். அந்தத் தடுமாற்றம்தான் நமக்கு வேண்டும். நாம் வேகமாகப் படிக்கையில் பாதிச் சொல்லைக் கண் பார்க்கும், மீதியை மனசு நிரப்பிக்கொள்ளும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை, தாளில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் படிக்கும்.

1. முதலில் எதைக் கொடுக்கலாம் என்று பிரியுங்கள். அடையாள அட்டை எண் உள்ள படிவம், மருத்துவக் கடிதம், ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிய வேலை எதுவும் பிள்ளை கைக்குப் போகக் கூடாது. கொடுக்கலாமா என்ற சந்தேகம் வந்தாலே கொடுக்காதீர்கள்.

2. திரை வேண்டாம், அச்செடுங்கள். எழுத்து 16 புள்ளி அளவில், வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு. ஒரு பென்சில், ஒரு அடிக்கோல். பிள்ளைக்கு ஒரே விதி: திருத்தக் கூடாது, சந்தேகப்பட்ட இடத்தில் வட்டம் மட்டும் போட வேண்டும்.

3. எண் வேட்டை. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஆங்கில மூலத்தை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு எண்களை வாசியுங்கள். பிள்ளை தமிழ்ப் பக்கத்தில் தேடி டிக் போடட்டும். இங்கே வீட்டுத் தொலைபேசி எண்ணோ கைப்பேசி எண்ணோ, எட்டு இலக்கம் இருக்க வேண்டும். அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் பெரும்பாலும் அதன் கடைசி மூன்று இலக்கம் புளோக் எண்ணாகவே இருக்கும். தேக்கா நிலையம் புளோக் 665, குறியீடு 210665. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வட்டம். தேதியையும் கிழமையையும் காலண்டரோடு ஒப்பிடச் சொல்லுங்கள்: '2026 ஏப்ரல் 12, சனிக்கிழமை' என்று வந்திருந்தால், காலண்டரில் அன்று ஞாயிறு. இப்படிப்பட்ட பிழை தப்பிப்போனால் ஒற்றுப்பிழையைவிடப் பெரிய தலைவலி. கூட்டமே தப்பான நாளில் வந்து நிற்கும்.

4. சத்தமாக வாசிக்க வையுங்கள். அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக. நீங்கள் தாளைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். 'குடியிருபாளர்கள்' என்று பிள்ளை வாசித்தால் அங்கே 'ப்' விழுந்திருக்கிறது. ல, ள, ழ மட்டும் காதுக்குச் சிக்காது. அதற்குத் தனியாக ஒரு சுற்று, கண்ணால்:

"அம்மா, இங்க 'கலந்துகொல்லவும்'னு இருக்கு."

"வட்டம் போடு கண்ணு. அந்த அழைப்புக்கு யாரும் போக மாட்டாங்க."

குறுக்கே புகுந்து உச்சரிப்பைத் திருத்த ஆரம்பித்துவிடாதீர்கள். அது டியூஷன் ஆகிவிடும், அடுத்த முறை பிள்ளை வராது.

5. வடிவமைத்து வந்த பிடிஎஃப். பக்கம் வடிவமைப்பவருக்குப் பல நேரம் தமிழ் வாசிக்கத் தெரியாது. மென்பொருள் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போட்டாலும் அவருக்குத் தெரியாது. புள்ளியால் ஆன குட்டி வட்டம், வெறும் கட்டம், தனியாக நிற்கும் கொம்பு, வரி முடிவில் பாதியாக வெட்டுப்பட்ட சொல்: இந்த நான்கையும் ஒரு தாளில் வரைந்து காட்டிவிடுங்கள். தமிழே தெரியாத பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும்.

6. அப்புறம் உங்கள் வேலை. வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுங்கள். பாதி வட்டம் வீண்தான், பரவாயில்லை. ஏன் சரி என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். சந்தி, வாக்கிய அமைப்பு, மொழிபெயர்ப்பு சரியா என்பதையெல்லாம் பிள்ளையிடம் தள்ளாதீர்கள்.

ஒரு முறைக்கு இருபது நிமிடம் போதும். காசு கொடுப்பதா, ஐஸ்கிரீமா என்பது உங்கள் வீட்டு வழக்கம். நான் காசு பக்கம், வேலை வேலைதானே. பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) எழுதப்போகும் பிள்ளையை அந்த ஆண்டு விட்டுவிட்டு, வீட்டில் தம்பி தங்கை இருந்தால் பென்சிலை அவர்களிடம் கொடுங்கள்.