பிராக்டல் படம் செய்கிறவர்கள் வழக்கமாக விடுகிற பிழைகள்

பிராக்டல் என்றால் எவ்வளவு பெரிதாக்கினாலும் நுணுக்கம் தீராத உருவம். அதில் பேர்போன மாண்டல்பிராட், உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய புதினம் இல்லை. பூச்சியத்தில் தொடங்கி, வர்க்கித்து, அந்தப் பிக்சலுக்குரிய சிக்கலெண்ணைக் கூட்டி, வந்த விடையைத் திரும்பவும் வர்க்கித்துக் கூட்டிக்கொண்டே போவார்கள். மட்டு, அதாவது பூச்சியத்தில் இருந்து உள்ள தூரம், 2ஐத் தாண்டினால் அது இனி முடிவிலிக்குத்தான் ஓடும், எத்தனையாவது சுற்றில் தாண்டியது என்று பார்த்து ஒரு நிறம். இதுவரை சரி. அடுத்த நிமிசமே வானவில் முழுவதையும் கொட்டி நல்லூர்த் திருவிழா மின்விளக்கு மாதிரி ஆக்கிவிட்டு, ஏன் எல்லார் படமும் ஒரே மாதிரி இருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது? நிறம் கடைசி வேலை. அந்த எண் ஓடுகிற பாதையில் இருந்து எதைக் கணக்கில் எடுக்கப் போகிறீர்கள் என்பதைத்தான் முதலில் முடிவெடுக்க வேண்டும்.

சுற்று எண்ணிக்கையை மட்டும் எடுத்தால் பட்டை பட்டையாக விழும். மடக்கை போட்டுப் பின்னமாக்கினால் மழமழவென்று வரும், ஆனால் எல்லையை 2 இலேயே விட்டுவிட்டுப் பட்டை இன்னும் தெரிகிறதே என்று தலையைச் சொறிகிறவர்கள் கனபேர். 100க்கோ அதற்கு மேலேயோ ஏற்றுங்கள், போய்விடும்.

ஓர்பிட் ட்ராப் செய்கிறவர்கள் விடுகிற பிழை வேறு மாதிரி. இதில் புள்ளி, வட்டம், சிலுவை என்று ஏதோ ஒரு வடிவத்தை வைத்து, பாதை அதற்கு ஆகக் கிட்டப் போன தூரத்தை எடுக்கிறோம். சரி, இரண்டு அச்சுகளையும் சிலுவையாக வைத்து ஓட்டிப் பாருங்கள். படம் முழுக்க ஒரே கறுப்பாக வந்தால் நிரல் எழுதிய பைதன் மொழியைத் திட்ட வேண்டாம்: பாதை தொடங்குகிற பூச்சியமே சிலுவையின் நடுவில் இருக்கிறது, ஆகவே எல்லாப் பிக்சலுக்கும் தூரம் பூச்சியம்தான். அதை விட்டுவிட்டு எண்ணினாலும் அடுத்த விடை அந்தப் பிக்சலின் சொந்த எண்ணே என்பதால், படத்தின் குறுக்கே நேர்க்கோட்டில் ஒரு சிலுவை பதிந்துவிடும். முதல் இரண்டையும் தவிர்த்தால்தான் இந்தச் சிலுவை தருகிற, பிக்கோவர் தண்டுகள் என்று சொல்லப்படும் தண்டு வடிவங்கள் வடிவாக முளைக்கும்.

மெலிண்டா கிரீன் 1993இல் கண்டுபிடித்த, இருக்கிற புத்தர் மாதிரித் தெரிகிற புத்தாபிராட் என்ற படத்தில் பொறுமையில்லாதவர்கள் மாட்டுப்படுவார்கள். இங்கே தப்பி ஓடுகிற எண்கள் போன வழியெல்லாம் எண்ணப்படுகின்றன, ஒவ்வொரு பிக்சலிலும் எத்தனை தடவை கால் வைத்தன என்று. தப்புமா இல்லையா என்று முதலில் பார்த்துவிட்டு, தப்புவதை மட்டும் இரண்டாம் தரம் ஓட்டிப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் தப்பாததும் கலந்து உருவம் கெட்டுப்போகும். எண்ணிக்கையை அப்படியே வெளிச்சமாக மாற்றினால் ஒரு சில இடம் மட்டும் பளிச்சிட்டு மற்றதெல்லாம் இருட்டு, வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள். முக்கியமாக, படத்தை மட்டும் சேமிக்காமல் அந்த எண்ணிக்கை அட்டவணையையே அடிக்கடி கோப்பில் எழுதி வையுங்கள். இரவிரவாக ஓடுகிற வேலை, விடியப்புறம் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அட்டவணை கையில் இருந்தால் நிறத்தைப் பத்துத் தரம் மாற்றலாம், திரும்ப ஓட்டத் தேவையில்லை.

பெரிதாக்கப் போகிறவர்களுக்கு: உள்ளே போகப் போகச் சுற்று எண்ணிக்கையின் உச்சத்தையும் கூட்டுங்கள், இல்லாவிட்டால் நுணுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டிதான் கிடக்கும். கணினி வழக்கமாகப் பாவிக்கிற இரட்டைத் துல்லிய எண் (double) 15, 16 இலக்கத்தோடு நின்றுவிடும், பத்து இலட்சம் கோடி மடங்கு அளவில் படம் சதுரம் சதுரமாக உடையத் தொடங்கும். அதற்கு மேலே போக வேறு முறை வேண்டும்.

அப்புறம் பிரிண்ட். ஏ3 தாளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் 4961க்கு 3508 பிக்சல். இரண்டு மடங்கு அளவில் படத்தை உருவாக்கிப் பிறகு சுருக்கினால் மெல்லிய இழைகள் பிய்ந்து தெரியாது. இவ்வளவும் செய்துவிட்டுக் கடைக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள், அது நசுக்கிவிட்ட படத்தைத்தான் கடைக்காரர் அடித்துத் தருவார். பென் டிரைவில், தரம் குறையாத பிஎன்ஜி கோப்பாகக் கொண்டுபோங்கள். திரையில் மின்னுகிற நீலம் மையில் மங்கும், அதனால் ஒரு சின்னத் துண்டை முதலில் அடித்துப் பார்த்துவிட்டு முழுப் படத்துக்குக் காசு கொடுங்கள்.